இந்தக் காணி முதலில் யாருடையது? லிபர்டேரியன் அறிஞர்களைப் பற்றி ஒரு பதில்

கொழும்பில் அரசறிவியல் படிக்கும் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருக்கிறார்: "லிபர்டேரியன் சிந்தனையாளர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். வரி கட்ட விரும்பாத பணக்காரரின் தத்துவம் அது, நேரத்தை வீணாக்காதே என்று அண்ணா சொல்கிறார். அதில் தமிழருக்கு ஏதும் இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்குவது?"

தங்கச்சி, உங்கள் அண்ணா சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்தப் புத்தகங்களில் வரிக்கு எதிரான பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அதே புத்தகங்களில், காணி பறிபோனவர்கள், குடியுரிமை பறிபோனவர்கள், லொட்ஜிலிருந்து இரவோடிரவாகப் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குப் பொருளியல் படிப்பிப்பது என் தொழில். அதற்கு முன் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன். இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். தாராண்மைவாதம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஜோன் லொக், அடம் ஸ்மித் எல்லாம் அந்தக் குடும்பம். அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில் 'லிபரல்' என்ற சொல், அரசு கூடுதலாகச் செய்ய வேண்டும் என்பவர்களின் பக்கம் போய்விட்டது. பழைய பொருளிலேயே நின்றவர்களுக்கு 'லிபர்டேரியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இவர்களில் ஒருவரான பொருளியலாளர் ஹயெக்குக்கு அந்தச் சொல் பிடிக்கவே இல்லை, எழுதியும் இருக்கிறார். பெயர் எப்படியோ போகட்டும். இவர்களை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு கேள்வி: இன்னொரு மனிதரையோ அவர் உழைப்பையோ உடைமையையோ அவர் சம்மதமில்லாமல் தொட உனக்கு என்ன உரித்து? சாதாரண ஆளிடம் கேட்கும் இதே கேள்வியை அரசிடமும் கேட்கிறார்கள். சீருடை போட்டிருப்பதோ பெரும்பான்மை வாக்குக் கிடைத்திருப்பதோ அதற்கு விடை ஆகாது என்கிறார்கள்.

தத்துவத்தில் தொடங்குவோம். றொபேர்ட் நோசிக் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். ஜோன் றோல்ஸின் நீதிக் கோட்பாடு 1971இல் வந்தது; அதற்குப் பதில் போல 1974இல் இவருடைய 'அனார்க்கி, ஸ்டேட் அண்ட் யூட்டோபியா' வந்தது. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லேன். நீங்கள் நீதி என்று நினைக்கும் விதத்திலேயே எல்லோருக்கும் பணத்தைப் பங்கிட்டு விடுங்கள் என்கிறார் நோசிக். அப்புறம் பத்து லட்சம் பேர் சேம்பர்லேனின் ஆட்டத்தைப் பார்க்கத் தலைக்கு 25 சதம் மனமுவந்து கொடுக்கிறார்கள். அவர் கையில் 250,000 டொலர் சேர்கிறது. பழைய சமநிலை போய்விட்டது. யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லையே, அநீதி எந்த இடத்தில் நுழைந்தது?

பலர் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மூடாதீர்கள். நோசிக் மூன்று விதி சொல்கிறார். யாருக்கும் சொந்தமில்லாத பொருளை முதலில் நியாயமாக எடுத்திருக்க வேண்டும். பிறகு அது சம்மதத்தோடு கைமாறியிருக்க வேண்டும். இந்த இரண்டும் மீறப்பட்டிருந்தால், அந்தப் பிழை நிவர்த்தி செய்யப்பட வேண்டும். சேம்பர்லேன் கதை இரண்டாவது விதியை மட்டும்தான் தொடுகிறது. இலங்கையில் எங்கள் வழக்கு முதலாவதிலும் மூன்றாவதிலும் கிடக்கிறது.

முதலாவதை மலையகத்தில் வைத்துப் பாருங்கள். முதல் உடைமை எப்படி வருகிறது என்பதற்கு நோசிக் லொக்கிடம் போகிறார்: யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவர் தன் உழைப்பைக் கலந்தால், மற்றவர்களுக்கும் அதேயளவு நல்லதாக மிச்சம் இருக்குமானால், அது அவருடையது. சரி, தேயிலைத் தோட்டக் காணி முதலில் எப்படி வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று ஊகித்துக்கொண்டது. ஆங்கிலேய அரசு அந்த நிலத்தைத் தோட்டக்காரருக்கு விற்றது. உழைப்பைக் கலந்தவர்கள் அதை வாங்கவில்லை, வாங்கியவர்கள் உழைக்கவில்லை. 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். இருநூறு வருட உழைப்பு கலந்த மண்ணில், லயன் அறைக்குக் கூட உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியதையும் இதோடு சேர்த்து வையுங்கள்.

லொக்கின் சொந்தப் பக்கத்திலேயே இந்தப் பிரச்சினை இருக்கிறது. அரசாங்கம் பற்றிய இரண்டாம் நூலின் 28ஆம் பந்தியில், என் குதிரை மேய்ந்த புல்லும் என் வேலைக்காரன் வெட்டிய புற்கரணும் நான் தோண்டிய தாதும் என் உடைமை என்று எழுதுகிறார். நடுவில் நிற்கும் அந்த வேலைக்காரனைக் கவனியுங்கள். மண்வெட்டி பிடித்தது அவன் கை. உடைமை போனது எசமானுக்கு. கூலி வாங்கிக்கொண்டு சம்மதித்தான் என்று வாதாடலாம். கடனைத் தலையில் ஏற்றிக் கப்பலில் கொண்டுவரப்பட்டவரின் சம்மதம் எவ்வளவு பெறும் என்று ஒரு நேர்மையான லிபர்டேரியன் யோசிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது விதிக்கு வடக்கே போங்கள். பலாலியைச் சுற்றி வலிகாமம் வடக்கில் 1990 முதல் மக்கள் எழும்பிப் போன காணிகள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அரச காணி இல்லை, உறுதி உள்ள தனியார் காணி. போர் முடிந்த பிறகு பகுதி பகுதியாக விடப்பட்டது. இன்னும் முழுவதும் விடப்படவில்லை. அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களைச் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினார்கள். முதலாவதைப் பேசி இரண்டாவதை விழுங்குபவர் நீதி பற்றிப் பேசத் தகுதியை இழந்துவிடுகிறார். நோசிக்கின் விதி இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. யார் எடுத்தார் என்று அது பார்ப்பதில்லை. சம்மதம் இருந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

ஏழாம் அத்தியாயம் முடியும் இடத்தை இரண்டு தடவை வாசியுங்கள். பழைய அநீதிகள் இங்கே பொருந்தாது என்று தெளிவாகாத வரை, தன் கோட்பாட்டைக் காட்டி எந்த நலன்புரித் திட்டத்தையும் கண்டிக்க முடியாது என்று நோசிக் தானே ஒப்புக்கொள்கிறார். பழைய அநீதி மிகப் பெரியதாக இருந்தால், அதைத் திருத்தக் கொஞ்சக் காலத்துக்குக் கூடிய அதிகாரமுள்ள அரசு தேவைப்படலாம் என்றும் சொல்கிறார். அண்ணாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இலங்கை போன்ற நாட்டில் இன்று யார் கையில் எது இருக்கிறதோ அதை அப்படியே காப்பாற்றும் வாதம் நோசிக்கிடம் கிடையாது.

ஆனால் எவ்வளவு, யாருக்கு, எத்தனை தலைமுறைக்கு என்று அவர் சொல்லவில்லை. கோடு காட்டிவிட்டுப் போய்விடுகிறார். இதுதான் இந்தப் புலமை மரபின் மிகப் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. சட்டத்தரணிகள்தான் அங்குலம் அங்குலமாக அதை அடைக்கிறார்கள். எங்கள் சட்டத்தில் பத்து வருடம் தடையின்றி ஆண்டு அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரலாம். பயங்கரவாதக் குழுவின் செயலால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தில் சேர்க்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நிவர்த்தி என்பதன் சிறிய, உண்மையான ஒரு துண்டு அது. இராணுவம் வைத்திருக்கும் காணிக்கு அது விடையல்ல. எங்கள் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் உடைமை உரிமை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொருளியல். இங்கே ஓட்டை குறைவு. ஹயெக் 1945இல் எழுதிய ஒரு கட்டுரை, அறிவு சமூகத்தில் எப்படிப் பயன்படுகிறது என்பது பற்றியது. இருபது பக்கம்கூட வராது. தகரம் எங்கோ தட்டுப்பட்டால், ஏன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறும், பாவிப்பவர்கள் சிக்கனமாவார்கள். சிதறிக் கிடக்கும் அறிவை ஒரு திட்டமிடும் சபையால் அள்ளிச் சேர்க்க முடியாது, விலை அதைச் சுமந்து வரும் என்பதுதான் வாதம். இன்னொரு பொருளியலாளர் மீசெஸ் 1920இலேயே இதற்கு வழி வெட்டியிருந்தார்.

2022 பெப்ரவரியில் பழைய நண்பரைப் பார்க்க நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போயிருந்தேன். மத்திய வங்கி டொலரை 203 ரூபாவுக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருந்த காலம். அவருடைய பருப்புக் கொள்கலன் துறைமுகத்தில் நின்றது. வங்கியில் எல்சிக்கு, அதாவது இறக்குமதிக் கடன் கடிதத்துக்கு, டொலர் இல்லை. நாளாந்தம் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. மேசையில் ஒரு சிஆர் கொப்பி. நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் வங்கி விலை, வலப்பக்கம் உண்டியல் விலை, அதாவது வங்கிக்கு வெளியே காசு மாற்றுபவர்களின் விலை, எழுதியிருந்தார். இடப்பக்கத்தில் நாளுக்கு நாள் ஒரே எண். வலப்பக்கத்தில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பருப்புக்கு எந்தப் பக்கத்தை வைத்து விலை போடுகிறீர்கள் என்று கேட்டேன். வலப்பக்கத்தில் விரலை வைத்தார். "இடப்பக்கத்தை வைத்துப் போட்டால் அடுத்த மூட்டை வாங்கக் காசிராது." வெளியே கைவண்டியோடு நின்ற, மூட்டை சுமக்கும் நாட்டாமை, இன்றைக்கு நாலு நடைதான் கிடைத்தது, வழமையாகப் பத்து வரும் என்றார். ஹற்றனிலிருந்து ஒரு கடைக்காரர் போனில் விலை கேட்டுவிட்டு, பாதி மூட்டை போதும் என்றார். மூன்று பேரும் ஹயெக்கை வாசித்தவர்களில்லை. ஆளுக்கு ஒரு துண்டு அறிவு இருந்தது. வலப்பக்க எண் அதை ஒன்று சேர்த்தது. மார்ச் 7 அன்று ரூபா விடப்பட்டது, மே மாதத்தில் டொலர் 360 அளவுக்குப் போனது. கொழும்பில் செப்டெம்பர் மாதப் பணவீக்கம் 69.8 சதவீதம்.

விலையைப் பிடித்து வைத்தவர்கள் ஏழைகளுக்காகத்தான் பிடித்தோம் என்றார்கள். ஏழைக்குக் கிடைத்தது 203 ரூபா டொலர் அல்ல, காஸ் வரிசை. விலை உண்மையைச் சொன்னாலும், காசில்லாதவரின் பசி விலையில் பதிவாகாது என்பதும் உண்மை. ஹயெக் இதை மறுக்கவில்லை. உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றில் ஒரு குறைந்தபட்சத்தை அரசு உறுதிப்படுத்தலாம் என்று 1944இலேயே எழுதினார். மில்டன் ஃபிறீட்மன் 1962இல் எதிர்மறை வருமான வரி என்ற யோசனையை வைத்தார்: விலையைத் தொடாதே, ஏழையின் கையில் காசைக் கொடு. கொழும்பில் இவர்கள் பெயரைச் சொல்லி மேடையில் பேசுபவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே கவலை.

அரசியல் கோட்பாட்டில் எங்களுக்கு மிகவும் வேண்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கனன். கோர்டன் டலொக்கோடு சேர்ந்து 1962இல் 'த கல்குலஸ் ஒஃப் கொன்சென்ற்' எழுதினார். பெரும்பான்மை முடிவு என்பதில் புனிதம் எதுவும் இல்லை என்கிறார்கள். முடிவெடுக்கும் செலவு ஒரு பக்கம்; மற்றவர் எடுத்த முடிவு என் தலையில் சுமத்தும் செலவு மறுபக்கம். நாளாந்த விடயங்களுக்குக் குறைந்த வாக்கு போதும். ஆட்டத்தின் விதிகளையே எழுதும்போது, அதாவது அரசியலமைப்பை எழுதும்போது, எல்லோரின் சம்மதத்துக்கும் மிகக் கிட்டப் போக வேண்டும். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும், தமிழரசுக் கட்சி 1971இல் அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறிய பிறகு நிறைவேறிய 1972 அரசியலமைப்பையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். எங்கள் தலைவர்கள் மேடையில் சொன்னதை இவர்கள் கணக்கோடு சொல்கிறார்கள். புக்கனன் 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

இதே வழியில் பொருளியலாளர் ஆன் குறூகர் 1974இல் இறக்குமதி அனுமதிப்பத்திரங்களை ஆராய்ந்தார். அனுமதிப்பத்திரம் பணம் பெறும் என்றால், அதைப் பிடிக்க மனிதர்கள் நேரத்தையும் காசையும் கொட்டுவார்கள். அந்த உழைப்பு எதையும் விளைவிக்காது. 1964இல் இந்தியாவில் இப்படி உண்டான ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று கணக்கிட்டார். வாகனப் பெர்மிட் அரசியலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பெரியப்பாவின் கல்வீடு மிளகாய்க் காசில் எழும்பியது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்பட்டிருந்ததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். 1977இல் கதவு திறந்தது, விலை விழுந்தது. கட்டுப்பாடு கெட்டது என்று வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுத் திண்ணை எனக்கு நினைவுக்கு வரும். அந்த வீட்டுக்கான காசைக் கொழும்பிலும் மலையகத்திலும் மிளகாய் வாங்கியவர்கள் கொடுத்தார்கள் என்று பொருளியல் சொல்கிறது, அது சரி. கதவைத் திறந்த விதத்தில் யாரையும் கேட்கவில்லை என்பதும் சரி.

கடைசியாக, கட்டுரையில் யாரும் எதிர்பாராத ஒருவரைச் சேர்க்க விரும்பினால் அரசியல் கோட்பாட்டாளர் சந்திரன் குகதாஸ். மலேசியாவில் பிறந்தவர். 1992இல் பண்பாட்டு உரிமைகள் என்று ஒன்று உண்டா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். 2003இல் 'த லிபரல் ஆர்க்கிபெலாகோ' வந்தது. சமூகம் ஒரு தீவுக்கூட்டம். ஒவ்வொரு குழுவும் தன் வழியில் வாழட்டும். அரசு யாரையும் ஒன்றாக உருக்க வரவேண்டாம். ஆனால் குழு என்ற பெயரில் சட்டத்தில் விசேட உரிமையும் வேண்டாம். தனி ஆள் விரும்பினால் வெளியேற முடிய வேண்டும், அதுதான் அவருக்கு அடிப்படை. தமிழ்த் தேசியம் பேசுபவருக்கும் அரசு ஒற்றுமை பேசுபவருக்கும் ஒரே நேரத்தில் சங்கடம் தரும் வாதம்.

இதைத் தேசவழமையில் சோதித்துப் பாருங்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரான எங்கள் வழக்காற்றுச் சட்டம் அது. அதன் கீழ் வரும் மணமான பெண், 1911இன் கட்டளைச் சட்டப்படி, கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தை விற்க முடியாது. தன் உழைப்பில் வாங்கிய காணியும் அப்படித்தான். வங்கியில் முகாமையாளராக இருக்கும் என் பழைய மாணவி, தாய் தந்த காணியை விற்க நொத்தாரிசிடம் போனபோது "அவரும் வந்து கையொப்பம் வைக்க வேணும் அம்மா" என்ற பதிலோடு திரும்பினார். அவர் வெளியேறுவது எப்படி? பெண்களுக்கு வெளியேறும் உரிமை பெரும்பாலும் ஏட்டில்தான் என்று பெண்ணியச் சிந்தனையாளர் சூசன் ஒக்கின் 2002இல் எழுதிய விமர்சனத்தைக் குகதாஸோடு சேர்த்து வாசியுங்கள். என் மனம் ஒக்கின் பக்கம்.

குகதாஸ் சொல்வதில் ஒன்றை மட்டும் விட மாட்டேன்: நடமாட்டம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இலங்கைக்குள் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஒருவர் எங்கே தூங்குவது என்பதற்கு அரசிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று இவ்வளவு பிடிவாதமாக வாதிடும் மரபு வேறு அதிகமில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறி றொத்பாட் அரசே வேண்டாம் என்றவர். வாசியுங்கள், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். ஐன் ரேண்ட் நாவலாசிரியர்; லிபர்டேரியன் என்ற பெயரை அவரே ஏற்கவில்லை. மைக்கல் ஹியூமர் 2013இல் அரசின் அதிகாரம் பற்றி எழுதியது தெளிவானது, உங்கள் பாடத்துக்குப் பொருந்தும். எதிர்த்தரப்பில் ஒருவரைத்தான் வாசிக்க முடியும் என்றால் ஜி. ஏ. கோஹன், 1995. மார்க்சியர், நோசிக்தான் தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார் என்று ஒப்புக்கொண்டவர். நிலம் முதலில் யாருக்கும் சொந்தமில்லை என்று ஏன் தொடங்க வேண்டும், எல்லோருக்கும் சொந்தம் என்று ஏன் தொடங்கக்கூடாது என்று கேட்டார். ஹிலல் ஸ்டைனர், பீற்றர் வலன்டைன் போன்ற இடதுசாரி லிபர்டேரியன்கள் ஏறக்குறைய அந்தக் கேள்வியைத் தங்கள் பக்கம் எடுத்து, உன் உடல் உன்னுடையது, ஆனால் பூமியில் எல்லோருக்கும் பங்குண்டு என்கிறார்கள். நான் நிற்கும் இடம் அதற்குக் கிட்ட.

வாசிக்கும் ஒழுங்கு: ஹயெக்கின் 1945 கட்டுரை ஒரு பின்னேரத்தில் முடியும். அடுத்தது நோசிக்கின் ஏழாம் அத்தியாயம், அதோடு கோஹன். புக்கனனில் பெரும்பான்மை பற்றிய பகுதிகள் போதும், கணிதத்தைக் கண்டு பயப்படாதீர்கள். குகதாஸும் ஒக்கினும் கடைசியில்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. அம்மாவிடம் உங்கள் ஊர்க் காணியின் உறுதியைக் கேட்டு வாங்குங்கள். நன்கொடையா, சீதனமா, விலைக்கு வாங்கியதா என்று பாருங்கள். அது எந்த உறுதியைச் சுட்டுகிறதோ அதைத் தேடுங்கள், பிறகு அதற்கு முந்தியதை. பின்னோக்கிப் போகப் போக ஒரு இடத்தில் பெயர்கள் நின்றுவிடும். அந்த முதல் பெயருக்கு எதிரே யார் கொடுத்தது என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள்.